தோப்பில் மேயும் குஞ்சுகளைத் தூக்கும் பறவை: அடைக்காமல் காப்பதற்கு வழி உண்டா?

தோப்புவாசி (கேள்வி):
பொள்ளாச்சிக்கு அருகே ஒரு ஏக்கர் தென்னந்தோப்பில் சிறுவிடை என்னும் சிறிய நாட்டுக்கோழி இனத்தில் ஏழு பெட்டைகளையும் ஒரு சேவலையும் மேயவிட்டு வளர்க்கிறேன். சென்ற மாதம் ஒரு பெட்டை 11 குஞ்சுகள் பொரித்தது. மூன்று வாரத்தில் ஆறு போய்விட்டன. பருந்து என்று நினைத்து, தோப்பின் நடுவே பழைய குறுந்தகடுகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். நான்கு நாள்கள் அமைதியாகக் கழிந்தன. ஐந்தாம் நாள் காலை, தகடுகள் ஆடிக்கொண்டிருந்த கயிற்றுக்கு அடியிலேயே ஒரு குஞ்சு போயிற்று. அன்றுதான் அதை நேரில் பார்த்தேன். அது வானத்திலிருந்து இறங்கவில்லை. வேலியோர வேம்பிலிருந்து ஆள் உயரத்தில் மரங்களுக்கிடையே புகுந்து வந்து, தரையைத் தொட்டதும் தெரியாமல் தூக்கிச் சென்றது. புறா அளவு, சாம்பல் முதுகு, சிவந்த கண். இது பெரிய கோழிகளையும் தூக்குமா? நாள் முழுவதும் அடைத்து வைக்க எனக்கு மனமில்லை.

பறவைநோக்கி:
தாங்கள் பார்த்தது வல்லூறு, அதிலும் ஆண். பெண் சற்றுப் பெரியது, அதன் கண் மஞ்சளாக இருக்கும். கரும்பருந்து திறந்த வெளியில் வட்டமிட்டு இறங்கும். வல்லூறோ இலை மறைவில் உட்கார்ந்து காத்திருந்து தாழப் பாயும் என்பதால், தலைக்கு மேல் கட்டிய தகடு அதற்கு ஒரு பொருட்டே அல்ல. அதன் எடை கால் கிலோ அளவுதான். ஒரு கிலோவுக்கு மேலுள்ள பெட்டையைத் தூக்க இயலாது. பெரிய கோழி காணாமல் போனால் நாய், கீரி, காட்டுப்பூனை ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். சுடுவதோ நஞ்சு வைப்பதோ கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

பஞ்சாரத்துப் பாட்டி:
தம்பி, முதல் பதினைந்து நாள்களுக்குத் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தில், அதாவது கோழி கவிழ்க்கும் மூங்கில் கூடையில், கவிழ்த்து, தினமும் இடம் மாற்றி வைத்தால் போதும். பிறகு இரண்டு மாதம் வரை, ஆள் நடமாட்டம் இருக்கும் நேரத்தில் மட்டும் திறந்துவிடுங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். வல்லூறின் நிழல் தெரிந்ததும் சேவலோ தாய்க்கோழியோ ஒரு நீண்ட குரல் கொடுக்கும். நாயைக் கண்டால் விட்டுவிட்டுக் கொக்கரிப்பது போல இராது. அதைக் கேட்டதும் குஞ்சுகள் ஓடி ஒளியும். ஒளிய இடமில்லையென்றால் இருந்த இடத்திலேயே தரையோடு தரையாக ஒட்டிக்கொள்ளும். சுத்தமாகப் பெருக்கிய தோப்பில் அதுதான் வினை. விழுந்த மட்டைகளை எல்லாம் அள்ளிவிடாமல், பதினைந்து இருபது அடிக்கு ஒன்றாக மரத்தடியில் சாய்த்து வையுங்கள். அல்லது முழங்கால் உயரத்தில் கீற்றுப் பந்தல் போடுங்கள். குனிந்து பார்த்தால் உள்ளே இருட்டாக இருக்க வேண்டும். குஞ்சுத் தீவனத்தை அதனடியிலேயே போட்டுப் பழக்கினால், குரல் கேட்டதும் அவை தாமாகவே அங்கு ஓடும்.

வலைக்காரன்:
பாட்டி சொல்வதே சரி. நான் குஞ்சுகளுக்கு ஊதா சாயம் பூசிப் பார்த்தேன். என் கைதான் ஒரு வாரம் ஊதாவாக இருந்தது. தீவனமிடும் இடத்துக்கு மேல் மட்டும் பழைய மீன்வலையை இழுத்துக் கட்டியது பயன்பட்டது. ஆனால் மெல்லிய நைலான் வலையைத் தரைவரை தொங்கவிடாதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு சாரைப்பாம்பு அதில் சிக்கி, அறுத்தெடுக்க அரை நாள் ஆயிற்று. கரிச்சான் (இரட்டைவால் குருவி) கூடு கட்டியிருக்கும் மரத்தை வெட்டாதீர்கள். கூட்டில் குஞ்சு இருக்கும்வரை அது வல்லூறைத் துரத்தும். மற்ற மாதங்களில் அதை நம்பியிருக்க முடியாது.

தோப்புவாசி:
நன்றி. மூன்று கீற்றுப் பந்தல்கள் போட்டுவிட்டேன். மீதி ஐந்தும் பஞ்சாரத்தில் இருக்கின்றன. மழை பெய்தால் பஞ்சாரத்தை என்ன செய்வது?

பஞ்சாரத்துப் பாட்டி:
திண்ணைக்கோ கொட்டகைக்கோ மாற்றிவிடுங்கள். ஈரத் தரையில் வைத்தால் இரத்தக்கழிச்சல் வரும். வல்லூறுக்கு மிஞ்சியதை அது கொண்டுபோய்விடும். அடியில் காய்ந்த உமியைப் பரப்பி, நனைந்தால் உடனே மாற்றுங்கள்.