மல்ச் பொலித்தீன் போட்டும் தக்காளி வாடுகிறது, கிழித்து எடுத்துவிடலாமா?

கேள்வி (வெலிமடைத் தம்பி):
ஆடிக் காற்றுக்குப் பாத்தி காய்ந்துபோகும் என்று வெள்ளி-கறுப்பு பொலித்தீன் விரித்து, அடியில் சொட்டுநீர் பைப் ஓட்டியிருக்கிறேன், மலையிலிருந்து வருகிற தண்ணீர் பீலி (திறந்த நீர்க்கால்) வழியாகத் தாங்கிக்கு வந்து இறங்குகிறது. மத்தியானமானால் சில வரிசைகளில் செடி தலையைத் தொங்கப்போடுகிறது, சாயங்காலம் நிமிர்கிறது. பொலித்தீன் சூட்டில் வேர் வேகுது என்கிறார்கள். காய் பிடிக்கிற நேரம், மனசு கேட்கவில்லை.

பதில் (லீக்ஸ் அண்ணன்):
கிழிக்காதே தம்பி. வெள்ளிப் பக்கம் மேலேதானே? அது வெயிலைத் திருப்பிவிடும், கறுப்பு மேலே இருந்தால்தான் மண் அதிகம் சூடாகும். முதலில் பற்றீரியா வாடல் நோயா என்று பார். வாடின செடியின் அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, தம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டின முனை நனைகிற மாதிரி பிடி. சில நிமிஷத்தில் பால் மாதிரி நூல்நூலாக இறங்கினால் அதுதான். அதற்கு மருந்து கிடையாது, செடியை வேரோடு எடுத்து அழிக்க வேண்டும், பக்கத்து உருளைக்கிழங்குக்கும் தொற்றும்.

வெலிமடைத் தம்பி:
வெள்ளிதான் மேலே அண்ணே. தண்ணீர் தெளிவாகவே நிற்கிறது.

பதில் (போஞ்சி அக்கா):
அப்போ தண்ணீர்ப் பிரச்சினையாகத்தான் இருக்கும். பொலித்தீன் ஈரம் ஆவியாகாமல் காக்கும், சரி, ஆனால் மழையையும் உள்ளே விடாது, செடி கிட்டத்தட்ட முழுக்கப் பைப்பை நம்பித்தான் நிற்கிறது. பொலித்தீனின் அடியில் வேர்த்து நிற்கிற துளிகளைப் பார்த்து ஈரம் இருக்கிறது என்று முடிவுகட்டாதே. நாலைந்து அங்குலம் தோண்டி மண்ணை எடுத்துக் கையில் பிடித்துப் பார், உருண்டை பிடிக்கிறதா?

வெலிமடைத் தம்பி:
வாடுகிற வரிசையில் உதிர்கிறது அக்கா! மற்ற வரிசையில் நன்றாகப் பிடிக்கிறது.

போஞ்சி அக்கா:
அப்படியென்றால் பீலித் தண்ணீரில் வருகிற வண்டல் பைப்பின் துளைகளை அடைத்திருக்கும். பில்டரைக் கழுவு, அப்புறம் ஒவ்வொரு பைப்பின் கடைசி மூடியையும் திறந்து கலங்கல் போய்த் தெளிகிறவரை ஓடவிடு. பொலித்தீன் ஓரத்தைத் தூக்கித் துளி விழுகிறதா பார்த்ததும் திரும்ப மண்ணில் புதைத்து இறுக்கிவிடு, காற்று உள்ளே புகுந்தால் படபடவென்று அடித்து ஓட்டையின் விளிம்பு தண்டை அறுத்துவிடும்.

லீக்ஸ் அண்ணன்:
அறுவடை முடிந்ததும் முழுசாகச் சுருட்டி எடு, எரிக்காதே, துண்டுகள் மண்ணில் கிடந்தால் அடுத்த போகத்தில் வேருக்குத் தடை. மானாப்புல் (மலைச்சரிவில் வளர்கிற உயரமான புல்) வெட்ட ஆள் இருந்தால் அடுத்த முறை பாதிப் பாத்திக்குப் பொலித்தீனுக்குப் பதிலாக அதைப் போட்டுப் பார். அது மழையையும் உள்ளே விடும், மக்கி உரமும் ஆகும், விதை கட்டுமுன் வெட்டினால் போதும்.