அவசரம்: டி கியருக்கு மாற்றினால் கார் குலுங்குகிறது, வாங்கலாமா?

ஆற்றங்கரைவாசி
சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயாவில் ஒரு பழைய பெரோடுவா மைவி கார் பார்த்திருக்கிறேன். நேற்று ஓட்டிப் பார்த்தேன். டி கியருக்கு, அதாவது முன்னோக்கிப் போகும் நிலைக்கு, மாற்றியவுடன் ஒரு குலுக்கல், கூடவே "டொக்" என்று சத்தம். சாலையில் ஏறிய பிறகு நன்றாகத்தான் ஓடுகிறது. விலை 6,000 ரிங்கிட். இன்னொருவரும் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாராம், அதனால் நாளை மாலைக்குள் பணம் கொடுக்கச் சொல்கிறார்கள். கியர்பெட்டி போய்விட்டது என்று அர்த்தமா? பழுது பார்க்க எவ்வளவு ஆகும்? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

ஈஜோக்காரன்
எந்த ஆண்டு? இஞ்சின் 1.3 லிட்டரா, 1.5 லிட்டரா? எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? 2005-இல் வந்ததும் மைவிதான், 2011-இல் மாறியதும் மைவிதான், 2017 நவம்பரில் வந்த மூன்றாம் தலைமுறையும் மைவிதான். எதைப் பற்றிக் கேட்கிறீர்கள்?

செம்பனைலாரி
விற்பவர் கார் வியாபாரியா, சொந்தக்காரரா? அதையும் சொல்லுங்கள்.

முப்பதாண்டுப்பட்டறை
இங்கே வாரத்துக்கு ஒருவர் இப்படி வருகிறார். ஆண்டு தெரியாது, இஞ்சின் தெரியாது, "கியர்பெட்டி போய்விட்டதா" என்ற கேள்வி மட்டும் தெரியும். தம்பி, கேள்வி கேட்கவும் கொஞ்சம் பயிற்சி வேண்டும். போகட்டும், சொல்கிறேன். தொண்ணூறு விழுக்காடு இது இஞ்சின் மவுண்டிங், அதாவது இஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் ரப்பர் பிடி. ரப்பர் கிழிந்துவிட்டால் கியர் பிடிக்கும்போது இஞ்சின் எகிறிக் காரின் உடலில் இடிக்கும். பானெட்டைத் திறந்து வையுங்கள். கைப்பிரேக் போட்டு, கால்பிரேக்கையும் அழுத்திக்கொண்டு, ஒருவரை டியிலிருந்து ஆருக்கும் (ரிவர்ஸ்) ஆரிலிருந்து டிக்கும் மாற்றச் சொல்லுங்கள். நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள். காருக்கு முன்னால் நிற்கவே நிற்காதீர்கள். இஞ்சின் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு வந்தால் மவுண்டிங்தான். கியர்பெட்டியைக் கழற்ற வேண்டியதில்லை.

மழைக்காலம்
நான் வேறு மாதிரி நினைக்கிறேன். இவ்வளவு மலிவாக ஒரு மைவி கிடைக்கிறது என்றால் அது வெள்ளத்தில் மூழ்கிய கார். 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா பக்கம் கூரை வரை தண்ணீரில் நின்ற கார்கள் எத்தனை என்று நாம் எல்லாரும் பார்த்தோம். அவற்றில் பல கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தைக்குத் திரும்பின. இருக்கைப் பட்டையைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று. முன்னிருக்கைக்கு அடியில் தண்டவாளம் துருப்பிடித்திருக்கிறதா பாருங்கள். மாற்றுச் சக்கரம் இருக்கும் குழியில் கையை விட்டுப் பாருங்கள். கம்பளத்தைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். சென்சாருக்குள் தண்ணீர் போன கார் கியர் மாற்றும்போது உதறத்தான் செய்யும்.

முப்பதாண்டுப்பட்டறை
வெள்ளம், வெள்ளம். எது கேட்டாலும் வெள்ளம். தண்ணீர் போன கார் என்றால் தொல்லை டிக்கு மாற்றும்போது மட்டும் நிற்காது, ஓடும்போதும் இருக்கும். எச்சரிக்கை விளக்குகள் வரிசையாக எரியும்.

மழைக்காலம்
விளக்கை அணைத்து வைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள், ஐயா. பழுதைக் காட்டும் ஸ்கேனர் கருவியை மாட்டிப் பார்க்காமல் எப்படிச் சொல்ல முடியும்?

ஆற்றங்கரைவாசி
2019 மைவி, 1.3, ஆட்டோ. 88,000 கிலோமீட்டர். வெள்ளை. விற்பவர் எங்கள் தோட்டத்தில் முன்பு இருந்தவருக்கு உறவினர், வியாபாரி இல்லை. எனக்கு ரவாங்கில் தொழிற்சாலை வேலை கிடைத்திருக்கிறது, காலை வேலை நேரம் 7 மணிக்கு. அந்த நேரத்துக்குப் போய்ச் சேரும்படி பஸ் கிடையாது. இப்போது அப்பா மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறார். அப்புறம், நான் தம்பி இல்லை, பெண்பிள்ளை.

ஈஜோக்காரன்
வாழ்த்துகள் தங்கச்சி. குலுக்கல் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகுமா? குளிர்ந்த இஞ்சின் சற்று வேகமாகச் சுற்றும். அப்போது டி போட்டால் கொஞ்சம் அழுத்தமாகத்தான் பிடிக்கும். 2019 மைவியில் இருப்பது பழைய நான்கு வேக ஆட்டோ. 2021 நவம்பரில் வந்த புதுப்பிப்பில்தான் சிவிடி, அதாவது படிப்படியான கியர் இல்லாத ஆட்டோ, வந்தது. அந்த நான்கு வேகப் பெட்டி உழைப்பாளி. எண்ணெய் மாற்றாமல் விட்டிருந்தால் மட்டும் முரண்டு பிடிக்கும். இஞ்சினுக்குக் காற்றை விடும் த்ராட்டில் பாடி அழுக்கானாலும் சும்மா நிற்கும்போது சுழற்சி ஏறிக்கொண்டு இதே குலுக்கல் வரும். அதைச் சுத்தம் செய்வது சிறு வேலை.

முப்பதாண்டுப்பட்டறை
மவுண்டிங்.

செம்பனைலாரி
தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடிய காராக இருந்தால் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோவர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷையும் பாருங்கள். நம் பக்கம் குழியில் விழுந்து எழுந்தே அவை சீக்கிரம் தேய்ந்துவிடும். "டொக்" சத்தம் அதிலிருந்தும் வரலாம். காற்று வடிகட்டியையும் கழற்றிப் பாருங்கள். உள்ளே செம்மண் அப்பியிருந்தால் காரைக் கவனித்த விதம் தெரிந்துவிடும்.

சாகாவீட்டுக்காரன்
மைவிக்குப் பெயர் இருப்பதால் பழையதற்கும் விலை இறங்குவதில்லை. அதே பணத்துக்கு இன்னும் புதிய புரோட்டோன் சாகா கிடைக்கும். 2019 புதுப்பிப்புக்குப் பிறகு வந்த சாகாவில் ஹூண்டாயின் நான்கு வேக ஆட்டோ இருக்கிறது. அதற்கு முந்திய சிவிடி சாகாவை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

ஈஜோக்காரன்
சாகாவில் டைமிங் பெல்ட் மாற்றும் செலவு இருக்கிறது. மைவியில் செயின். சம்பளம் வாங்கத் தொடங்கும் பிள்ளைக்கு அதுவும் ஒரு கணக்கு.

சாகாவீட்டுக்காரன்
பெல்ட் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறோம்? சாகாவின் பின்பெட்டியில் குடும்பமே சாமான் வைக்கலாம்.

கிள்ளான்அக்கா
ஒற்றை ஆள் வேலைக்குப் போய்வர எதற்குப் பெரிய பின்பெட்டி? பெரோடுவா ஆக்சியா பாருங்கள் அம்மா, சின்னக் கார். 2014 செப்டம்பரில் வந்த முதல் ஆக்சியாவிலிருந்தே 998 சிசிதான். சாலை வரி ஆண்டுக்கு 20 ரிங்கிட். 1.3 மைவிக்கு 70. பெட்ரோலும் மிச்சம். நிறுத்தவும் எளிது.

சாகாவீட்டுக்காரன்
ஐம்பது ரிங்கிட் வித்தியாசத்துக்காக, நெடுஞ்சாலையில் லாரி பக்கத்தில் போனால் ஆடுகிற காரை வாங்க வேண்டுமா?

கிள்ளான்அக்கா
பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ரவாங்குக்கு அவர் நெடுஞ்சாலையிலா போகிறார்? அந்தச் சாலை எனக்குத் தெரியும். செம்பனை லாரிக்குப் பின்னால் ஊர்ந்துதான் போக வேண்டும்.

தவணைக்கணக்கர்
எல்லாரும் கியரைப் பற்றியும் பின்பெட்டியைப் பற்றியும் பேசுகிறீர்கள். எனக்கு விலைதான் உறுத்துகிறது. மூன்றாம் தலைமுறை 1.3 மைவியின் அடிப்படை ஆட்டோ, அறிமுகமானபோது 46,300 ரிங்கிட். 2019 காரை, 88,000 கிலோமீட்டரில், ஒருவர் 6,000-க்குக் கொடுக்கிறார் என்றால் காரணம் இருக்க வேண்டும். தங்கச்சி, கிராண்ட் (காரின் உரிமைப் பத்திரம்) யார் பெயரில் இருக்கிறது? வங்கிக் கடன் முடிந்துவிட்டதா?

மழைக்காலம்
அதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன். வெள்ளம்.

ஆற்றங்கரைவாசி
6,000 முன்பணம்தான். அதன் பிறகு மாதம் 530 கட்ட வேண்டும், இன்னும் இரண்டரை ஆண்டு பாக்கி. கடன் அவர் பெயரில் இருக்கிறது. நான் மாதாமாதம் அவர் கணக்கில் போட்டுவிட்டால் அவர் வங்கியில் கட்டிவிடுவார். எல்லாம் முடிந்ததும் பெயர் மாற்றித் தருவார். சம்புங் பாயார்தான் (அவர் கடன் தவணையை நான் தொடர்ந்து கட்டுவது), அதனால்தான் சொல்லவில்லை. குலுக்கலுக்கு என்ன செய்வது என்று சொல்லுங்கள்.

தவணைக்கணக்கர்
குலுக்கலை ஒரு பக்கம் வைத்துவிடுங்கள். இதை நிதானமாகப் படியுங்கள்.

கடன் தீரும் வரை அந்தக் கார் விற்பவருடையது அல்ல, வங்கியுடையது. 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் அப்படித்தான் வைத்திருக்கிறது. வங்கியின் சம்மதம் இல்லாமல் அதை இன்னொருவருக்குக் கைமாற்ற அவருக்கு உரிமை கிடையாது. நீங்கள் 530 ரிங்கிட்டை அவர் கணக்கில் போடுகிறீர்கள். அவர் வங்கியில் கட்டவில்லை என்றால் உங்களுக்கு எப்படித் தெரியும்? தொடர்ந்து இரண்டு தவணை நின்றால் வங்கி 21 நாள் அறிவிப்பு அனுப்பிவிட்டுக் காரை இழுக்கலாம். அந்த அறிவிப்பு அவர் வீட்டுக்குப் போகும், உங்கள் வீட்டுக்கு வராது. ஒரு நாள் தொழிற்சாலை வாசலில் கார் இருக்காது.

விபத்தில் கார் முழுதாகப் போனால் காப்புறுதிப் பணம் முதலில் வங்கிக்கு, மீதி பாலிசி வைத்திருப்பவருக்கு. இரண்டும் நீங்கள் அல்ல. நீங்கள் கவனமாக ஓட்டிச் சேர்க்கும் என்சிடி கழிவும் (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் குறைப்பது), 55 விழுக்காடு வரை ஏறக்கூடியது, அவர் பெயரில்தான் சேரும். இரண்டரை ஆண்டு கட்டி முடித்த பிறகு "பெயர் மாற்ற இன்னும் 5,000 கொடு" என்று கேட்டால் உங்கள் கையில் என்ன ஆதாரம் இருக்கும்?

செம்பனைலாரி
அப்படியே பயமுறுத்த வேண்டாம். நான் இப்படித்தான் ஒரு விவா கார் எடுத்து ஓட்டினேன். ஒரு பிரச்சினையும் வரவில்லை. கடைசியில் பெயரும் மாறியது. வங்கி நம்மைப் போன்றவர்களுக்குக் கடன் கொடுத்தால் நாங்கள் ஏன் இந்த வழிக்கு வருகிறோம்? நாள்கூலிக்காரனிடம் மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்கிறார்கள். தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு ஜாமீன் போட யார் இருக்கிறார்கள்? வேலைக்குப் போகக் கார் வேண்டும், கார் வாங்க வேலை வேண்டும் என்றால் எங்கே போவது?

தவணைக்கணக்கர்
அண்ணா, நீங்கள் சொல்லும் நெருக்கடி பொய் என்று நான் சொல்லவில்லை. என் பெற்றோரும் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தவர்கள்தான். ஆனால் உங்களுக்குக் கிடைத்தவர் நாணயமானவர். இந்த ஏற்பாட்டில் பாதுகாப்பு என்று இருப்பது அந்த ஒருவரின் நாணயம் மட்டும்தான். அவர் இறந்துபோனாலோ, திவாலானாலோ, வீட்டில் சண்டை வந்து மனைவி காரைக் கேட்டாலோ என்ன செய்வீர்கள்? 6,000 ரிங்கிட் என்பது குறைந்தபட்சச் சம்பளமான 1,700-இல் மூன்றரை மாத உழைப்பு.

செம்பனைலாரி
வங்கியும்தான் இழுத்துக்கொண்டு போகிறது. நாணயம் அங்கே மட்டும் இருக்கிறதா?

கிள்ளான்அக்கா
இருவரும் நிறுத்துங்கள். பிள்ளை நாளைக்குப் பணம் கொடுக்கப் போகிறாள். அவளுக்கு என்ன வழி என்று சொல்லுங்கள்.

தவணைக்கணக்கர்
வழி இருக்கிறது. விற்பவரை உங்களுடன் வங்கிக்கு வரச் சொல்லுங்கள். இன்றைய தேதிக்குக் கடனை முழுதாக முடிக்க எவ்வளவு என்று அவர் எழுத்தில் வாங்கட்டும். காரின் விலையை அதன் பிறகு பேசுங்கள். நீங்கள் உங்கள் பெயரில் கடன் விண்ணப்பியுங்கள். புது வேலைக்கான நியமனக் கடிதம், கிடைத்தவரை சம்பளச் சீட்டு, ஊழியர் சேமநிதி அறிக்கை எல்லாம் எடுத்து வையுங்கள். அப்பாவுக்கு நிரந்தர வேலை என்றால் அவரே ஜாமீன் நிற்கலாம். கடன் கிடைத்தால் உங்கள் வங்கி அவர் வங்கியின் பாக்கியைத் தீர்க்கும். புஸ்பாகோம் வாகனச் சோதனை முடித்து ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறை) பெயர் மாறும். நேர்மையாக விற்பவருக்கு இதில் ஒரு நட்டமும் இல்லை. வர மறுத்தால் அதுவே உங்களுக்குப் பதில்.

ஈஜோக்காரன்
பெயர் மாற்றத்துக்குமுன் அந்தக் காரின் சம்மன் பாக்கிகளையும் தீர்க்கச் சொல்லுங்கள். கருப்புப் பட்டியலில் இருந்தால் மாற்ற முடியாது. புஸ்பாகோம் சோதனையில் தேறிவிட்டது என்பதற்காகக் கியர்பெட்டி நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள்; அங்கே இஞ்சின், சேசிஸ் எண்கள், அமைப்பு, பாதுகாப்பு பார்ப்பார்கள், பெட்டியின் ஆயுளைச் சொல்ல மாட்டார்கள். அதற்குத் தனியாக ஒரு பட்டறை வேண்டும்.

முப்பதாண்டுப்பட்டறை
கணக்கர் சொல்வதை ஏற்கிறேன். பெயர் இல்லாத காருக்கு நான் ஒரு ஸ்க்ரூ கூட முடுக்கச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அது மவுண்டிங்தான்.

மழைக்காலம்
ஸ்கேனர் மாட்டாமலே முடிவு செய்துவிட்டீர்கள்.

முப்பதாண்டுப்பட்டறை
நீங்கள் காரைப் பார்க்காமலே அதைத் தண்ணீரில் மூழ்கடித்துவிட்டீர்கள்.

ஆற்றங்கரைவாசி
எல்லாருக்கும் நன்றி. வங்கிக்கு வரச் சொன்னேன். "நம்பிக்கை இல்லை என்றால் விடுங்கள்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். பணம் கொடுக்கவில்லை. அப்பாவும் வேண்டாம் என்கிறார். 2016 ஆக்சியா ஒன்று ஈஜோக்கில் இருக்கிறதாம், கடன் முடிந்துவிட்டது, கிராண்ட் சொந்தக்காரர் பெயரிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறோம்.

கிள்ளான்அக்கா
நல்லது அம்மா. மேனுவலா, ஆட்டோவா? எத்தனை கிலோமீட்டர்?

ஈஜோக்காரன்
ஈஜோக்கில் எந்தப் பக்கம்? நான் கூட வந்து பார்க்கிறேன். காலையிலேயே போங்கள், நீங்கள் வரும்வரை இஞ்சினைத் தொடக்கூடாது என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இஞ்சினை நீங்களே முதலில் கிளப்ப வேண்டும்.

சாகாவீட்டுக்காரன்
போகிற வழியில் ஒரு சாகாவையும் பார்த்துவிட்டு வரலாமே.