புதுப்பிப்பு: சித்தப்பாவின் பயாப்ஸி முடிவு வந்துவிட்டது

சித்தப்பாவின் மூளை எம்ஆர்ஐயில் தெரிவது ரத்தக்கசிவா, கட்டியா என்று முன்பு கேட்டிருந்தேன். கட்டிதான், மெலனோமா (நிறமிச் செல்களில் தொடங்கும் புற்றுநோய்). டை ஏற்றாத டி1 படத்தில் (எம்ஆர்ஐயில் ஒரு வகை) மெலனின் என்ற கரு நிறமியும் சில நாள் ஆன ரத்தம் போலவே வெள்ளையாகத் தெரியுமாம். எடுத்த திசு கன்னங்கரேலென்று இருந்தது. மெலனோமாவைக் காட்டும் திசுச் சோதனைகளான எச்எம்பி-45, மெலன்-ஏ இரண்டும் பாசிட்டிவ்.

மூளையில் மெலனோமா என்றால் பெரும்பாலும் தோலிலிருந்து பரவியதுதான். அதனால் தலைமுடிக்குள், நகம், உள்ளங்கால் வரை பார்த்தார்கள். கண் பரிசோதனை, பெட் சிடி (உடலில் புற்றுநோய் தேடும் ஸ்கேன்) எதிலும் ஒன்றுமில்லை. மூளை உறையின் நிறமிச் செல்களிலேயே தொடங்கியது என்கிறார்கள். (சித்தி இன்னும் அவர் முதுகு மச்சத்தைத்தான் சந்தேகிக்கிறார்.)

கட்டியில் ஜிஎன்ஏக்யூ என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறது, பிராஃப் என்ற மரபணுவில் இல்லை. ஆகவே பிராஃப் மாற்றத்தைக் குறிவைக்கும் மாத்திரைகள் பயன்படாது. அடுத்து கதிர்வீச்சு, பிறகு நிவோலுமாப் (நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் புற்றுநோய் மருந்து). விலை கேட்டுத் தலை சுற்றுகிறது. சலுகையில் வாங்கியவர்கள் வழி சொல்லுங்கள்.