நுனி அமுக்கமா, நுனி அழுத்தமா?

உப்புவெளி, திருகோணமலையிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம்.

கணினி வரைபலகையில் (பேனையால் எழுதினால் திரையில் விழும் பலகை) பாவிக்கும் பேனைக்கான அமைப்புப் பலகத்தைத் தமிழாக்குகிறோமே, அதில் என் பங்குக்கு வந்த சரங்கள் (திரையில் வரும் சொற்றொடர்கள்) அநேகமாக முடிந்துவிட்டன. "மேல் பொத்தான்", "கீழ்ப் பொத்தான்", "இடக்கைப் பயன்பாடு" எல்லாம் சண்டை சச்சரவில்லாமல் போய்விட்டன. ஒன்று மட்டும் மூன்று நாளாக நகரமாட்டேன் என்கிறது. ஆங்கிலத்தில் 'டிப் ப்ரெஷர் ஃபீல்'. அதற்கு நேரே ஓர் இழுப்பான். இடது முனையில் 'சாஃப்ட்', வலது முனையில் 'ஃபர்ம்'.

முதலில் "நுனி அமுக்க உணர்வு" என்று போட்டேன். பலகத்தில் ஏற்றிப் பார்த்தால் இடம் போதாமல் "நுனி அமுக்க உண…" என்று வெட்டுப்பட்டு நிற்கிறது. பக்கத்தில் இருந்த மருமகன், "மாமா, இது சாப்பாட்டுச் சாமானா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். சரி, நீளம் ஒரு பிரச்சினை. பொருள் அதைவிடப் பெரிய பிரச்சினை.

இந்த இழுப்பான் என்ன செய்கிறது என்பதை நான் பட்டுத்தான் அறிந்தேன். சாதாரண தரப் பிள்ளைகளுக்கு இணையவழியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். பாவித்த வரைபலகை ஒன்றை வாங்கி எழுதத் தொடங்கிய முதல் கிழமை, 3.5 என்று எழுதினால் திரையில் 35 என்று விழுந்தது. கோடு இழுக்கும்போது கை தானாக அமத்துகிறது. புள்ளி வைக்கும்போது மெல்லத் தட்டிவிட்டு எடுத்துவிடுகிறது. அந்தத் தட்டு கணினிக்குக் காணாது. "பக்கம்" என்று எழுதினால் "பககம". ஒரு பிள்ளை, "சேர், பககம எண்டா என்ன?" என்று அரட்டையில் கேட்டே விட்டது. இழுப்பானை இடப்பக்கம் நகர்த்தியதும் புள்ளிகள் எல்லாம் வீடு திரும்பின.

கூடவே, ஆங்கிலத்தில் இந்தப் பேனைக்கு 'ஸ்டைலஸ்' என்று வருமிடமெல்லாம் "எழுத்தாணி" என்று போட்டிருக்கிறேன். மறுப்பிருந்தால் சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து:

வணக்கம் சார். இரண்டு மறுப்பு.

ஒன்று, "அமுக்கம்". எங்கள் பக்கம் "அமுக்கமான ஆள்" என்றால் மனசில் இருப்பதை வெளியே விடாதவர். பலகத்தில் அதைப் பார்த்தால் பேனா ஏதோ மறைக்கிறது என்றுதான் தோன்றும். பள்ளிப் புத்தகத்தில் படித்தது அழுத்தம்தான்: காற்றழுத்தம், இரத்த அழுத்தம். "நுனி அழுத்தம்" போதும், உணர்வெல்லாம் வேண்டாம்.

இரண்டு, எழுத்தாணி அருங்காட்சியகத்துச் சொல். இரும்பு ஆணியால் திரையைக் கீறுகிற மாதிரி இருக்கிறது. "பேனா" என்று போட்டுவிட்டுப் போகலாமே? அப்புறம், இளைஞர்கள் "ஸ்டைலஸ்" என்றே எழுதுகிறார்கள். அதையும் யோசியுங்கள்.

உப்புவெளியிலிருந்து:

அண்ணா, அழுத்தம் என்று போட்டால் என் மாணவர்கள் பேனையைத் தொடமாட்டார்கள். எங்கள் பாடப்புத்தகத்தில் அழுத்தம் மின்னுக்குரியது. இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான அழுத்த வேறுபாடு இத்தனை வோல்ற்று என்றுதான் படிக்கிறார்கள். "நுனி அழுத்தம்" என்றால் நுனியில் கரண்ட் அடிக்கும் என்று நினைப்பார்கள். நீங்கள் அழுத்தம் என்கிற இடத்தில் எங்களுக்கு அமுக்கம்: வளிமண்டல அமுக்கம், குருதி அமுக்கம். மாரியில் வானொலி "வங்காள விரிகுடாவில் தாழமுக்கம்" என்றதும் இந்தக் கரையில் வள்ளங்களை மேலே இழுத்துக் கட்டுவார்கள். சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். அந்தச் சொல்லுக்கு இங்கே கள்ளத்தனம் கிடையாது. (உங்கள் பக்கம் "அழுத்தமான ஆள்" என்பதும் அதே அர்த்தம்தானே? அப்படியென்றால் இரண்டும் ஒரே கூட்டாளிகள்.)

ஆனால் நேற்று இரவு யோசித்துப் பார்த்தேன். நாம் பிழையான வேலிக்குச் சண்டை பிடிக்கிறோம். இழுப்பான் அமுக்கத்தை மாற்றுவதே இல்லை.

பற்றரி இல்லாத பேனைகளின் சங்கதி இது: பலகையின் அடியில் கம்பிவலை ஒன்று இருக்கிறது. அது அனுப்பும் மின்காந்த அலைக்குப் பேனைக்குள் இருக்கிற சுருள் பரிவடைந்து (உங்கள் மொழியில் ஒத்ததிர்ந்து) பதில் அனுப்புகிறது. நுனியை அமத்தினால் அந்தப் பதிலின் மீடிறன் (உங்கள் அதிர்வெண்) கொஞ்சம் விலகும். அந்த விலகலை அளந்து பலகை ஓர் எண்ணாக்குகிறது. சில பலகைகளில் 2048 படிகள், சிலவற்றில் 8192. இதுவரை நடந்தது முழுக்கப் பேனைக்கும் பலகைக்கும் இடையிலான கதை. அதில் இழுப்பானுக்கு வேலை இல்லை.

அதன் பிறகுதான் அது வருகிறது. கை கொடுத்த எண்ணை எந்தத் தடிப்பாகக் கணக்கில் எடுப்பது என்று ஒரு வளைகோடு தீர்மானிக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தில் வாகொம் நிறுவனத்தின் வரைபலகைகளுக்குக் கட்டளை வரியில் எழுதுகிறவர்களுக்குத் தெரியும், "0 0 100 100" என்று நான்கு எண்கள் கொடுத்தால் நேர்கோடு. கொடுத்தது அப்படியே வரும். கோட்டை மேலே வளைத்தால் மெல்லத் தொட்டாலே தடித்த கோடு. கீழே வளைத்தால் விரல் வெளுக்க அமத்தவேண்டும். அமத்துகிற கை அதே கை. மாறுவது அந்தக் கைக்குக் கிடைக்கிற மரியாதைதான்.

அதனால் "நுனி அமுக்கம்" என்று எழுதி ஓர் இழுப்பானை வைத்தால் அது பொய். வலப்பக்கம் இழுத்தால் அமுக்கம் கூடும் என்று பிள்ளை நினைக்கும். நடப்பது நேர்மாறு, கோடு மெலியும்.

நான் கேட்பது "பதம்". அம்மா அரியதரப் பலகாரத்துக்குப் பாகு காய்ச்சும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பா. சீனியும் அடுப்பும் மாறவில்லை, எந்த இடத்தில் "சரி" என்று சட்டியை இறக்குவது என்பதுதான் பதம். இளம்பதமா, முற்றின பதமா என்று கையால் தெரியும். இந்த இழுப்பானும் அதுதான். "நுனிப்பதம்" என்று போட்டால் அமுக்கமும் வேண்டாம், அழுத்தமும் வேண்டாம். நீளமும் பாதி.

மூதூரிலிருந்து:

சேர், நான் சித்திரப் பாடம் படிப்பிக்கிறேன், அதனால் ஒரு சொல். நுனிப்பதம் நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் பிள்ளைகளுக்குப் பதம் என்றால் பகுபதம், பகாபதம். நுனியில் இருக்கிற சொல் என்று எடுத்துவிட்டால்? "கைப்பதம்" என்றால் அந்தக் குழப்பம் வராது. ஒவ்வொரு பிள்ளையின் கைக்கும் ஏற்றபடி மாற்றுவதுதானே? என் வகுப்பில் ஒருத்தி பென்சில் கூர் உடைய உடையத்தான் வரைவாள். அவளுக்கு ஒரு பதம், மற்றவர்களுக்கு வேறு பதம்.

உப்புவெளியிலிருந்து:

ரீச்சர், கைப்பதம் என்னுடையதைவிட அழகான சொல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடுத்த வரியில் அதே இழுப்பான் அழிப்பானுக்கும் இருக்கிறது. பேனையின் பின்பக்கத்தைத் திருப்பி அழிக்கும்போது அதற்குத் தனிப் பதம். கை ஒன்றுதான், முனை இரண்டு. மேலே "கைப்பதம்", கீழே "அழிப்பான் பதம்" என்று வந்தால் அழிப்பதற்கு வேறு கையா என்று கேட்பார்கள். "நுனிப்பதம்", "அழிப்பான் பதம்" சோடியாக நிற்கும். பகுபதக் குழப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இழுப்பானே காவல். சொல்லை யாரும் இடம்வலமாக இழுக்கமாட்டார்கள்.

முனைகளுக்கு "மென்மை", "கடினம்" வேண்டாம். கடினம் என்றால் பாவிக்கக் கஷ்டம் என்று படும். "இளக்கம்", "இறுக்கம்" எப்படி?

எழுத்தாணிக்கு வருகிறேன், அண்ணா. பேனா என்று போட்டால் இங்கே பேனை என்று திருத்தச் சொல்வார்கள், பேனை என்று போட்டால் அங்கே தலையில் ஊர்கிற பேனைத் தேடுவார்கள். அதை விடுங்கள். பேனைக்கு மை வேண்டும், எழுத்தாணிக்கு வேண்டாம். ஓலையில் முதலில் கீறுவார்கள், கரி தடவினால்தான் எழுத்துத் தெரியும். நம்முடைய பேனையும் மையில்லாமல்தான் கீறுகிறது, கருமை திரையில் வருகிறது. இன்னொன்று. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று ஏடெழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டே எழுதினார்கள். "பககம" என் கண்டுபிடிப்பு இல்லை. அவர்களிடம் மட்டும் இந்த இழுப்பான் இருந்திருந்தால், பழைய சுவடிகளில் ககரமா ககர ஒற்றா என்று பதிப்பித்தவர்கள் மண்டையை உடைத்திருக்கவேண்டாம்.

சென்னையிலிருந்து:

இளக்கம், இறுக்கம் இரண்டும் சரி. நுனிப்பதத்தை எங்கள் வீட்டில் சொல்லிப் பார்த்தேன், "என்ன சமையல்?" என்றார்கள். ஆனால் இழுப்பானைக் காட்டியதும் விளக்கம் கேட்கவில்லை. அது போதும். எழுத்தாணியில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஆனால் புள்ளிக் கதைக்குப் பதில் என்னிடம் இல்லாததால் விட்டுக்கொடுக்கிறேன். பொத்தான் வரிகளில் மட்டும் "எழுத்தாணியின் மேல் பொத்தான்" என்று நீட்டாமல் "மேல் பொத்தான்" என்றே இருக்கட்டும்.

உப்புவெளியிலிருந்து:

நன்றி அண்ணா, நன்றி ரீச்சர். ஏற்றிப் பார்த்தேன். "நுனிப்பதம்" வெட்டுப்படாமல் நிற்கிறது, பக்கத்தில் இன்னும் இரண்டு எழுத்துக்கு இடமும் இருக்கிறது.

மிச்சம் 'ஹோவர்'. நுனி பலகையைத் தொடாமல் கொஞ்சம் மேலே நிற்கும்போதும் சுட்டி நகருமே, அந்த நிலை. "அந்தரநிலை" என்று எழுதிவிட்டு நானே அழித்தேன். இங்கே "அந்தரப்படாதை" என்றால் பதறாதே என்று அர்த்தம். "தொடாநிலை" என்று ஒன்று கைவசம் இருக்கிறது. நாளை வகுப்பு இல்லை, இரவுக்குள் யாராவது அடித்து உடையுங்கள்.