ரிட்ஜ் வென்ட் போட்டும் அட்டிக் புழுக்கம் குறையவில்லை, ஒரு முனையில் மழைநீரும் சொட்டுகிறது – உதவி தேவை

முகடு40:
ஷிங்கிள் (ஓடு போல அடுக்கும் தார்த் தகடு) கூரையில் புதிதாக ரிட்ஜ் வென்ட், அதாவது முகட்டின் நீளத்துக்கு ஓடும் காற்றுத் திறப்பு, போட்டிருக்கிறோம். சிக்கல் இரண்டு. உச்சி வெயிலில் அட்டிக்கில் (கூரைக்கு அடியிலுள்ள வெற்றிடத்தில்) பழைய புழுக்கம் அப்படியே இருக்கிறது. அடுத்தது, காற்றோடு மழை அடித்தால் முகட்டின் ஒரு முனையில், கடைசி ஓர் அடிக்குள், தண்ணீர் சொட்டி இன்சுலேஷன் (வெப்பத் தடுப்பு விரிப்பு) நனைகிறது. காற்றில்லாத மழை எவ்வளவு பெய்தாலும் ஒரு சொட்டுகூட இல்லை.

விவரம்: அட்டிக் தரை 30 × 40 அடி, முகடு 40 அடி, சரிவு 12 அங்குலத்துக்கு 6 அங்குல உயரம். கைமரங்கள் 16 அங்குல இடைவெளியில். டெக் (ஷிங்கிளுக்கு அடியிலுள்ள பலகைத் தளம்) அரை அங்குல பிளைவுட். வென்ட் 4 அடித் துண்டுகளாக வரும் கெட்டி பிளாஸ்டிக். அடிக்கு 18 சதுர அங்குலத் திறப்பு என்று பெட்டியில் இருக்கிறது. முகட்டில் வெட்டிய பிளவு மொத்தம் 2 அங்குலம், முனையிலிருந்து முனைவரை. ஆணி 1¼ அங்குலம், துப்பாக்கியால் அடித்தது. இறவாணத்தின் அடியில் 16 × 4 அங்குல கிரில் 8. முக்கோணச் சுவர் இரண்டிலும் பழைய வென்ட்டிலேட்டர் திறந்தே இருக்கிறது. தப்பு எங்கே?

கைமரம்:
சொட்டுவதற்கான காரணம் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது: "முனையிலிருந்து முனைவரை". சுவர் ஓரத்தில் காற்று மேலே ஏறித் திரும்பும். அந்த இடத்தில் பிளவு இருந்தால் மழையை நேராக உள்ளே தள்ளிவிடும். இரண்டு முனையிலும் 12 அங்குலம் விட்டுத்தான் பிளவு தொடங்க வேண்டும். புகைபோக்கி, சுவர் எது குறுக்கிட்டாலும் அங்கேயும் அதே 12 அங்குலம். வென்ட் மட்டும் முனைவரை ஓடலாம், பார்வைக்கு ஒரே கோடாக இருக்கும். அடியில் பிளவு இருக்கக் கூடாது.

ஆணியும் போதாது. மூடி ஷிங்கிள் (வென்ட்டின் மேல் போடுவது), வென்ட், அடி ஷிங்கிள் மூன்றையும் தாண்டி, அரை அங்குல டெக்கை ஊடுருவி மறுபக்கம் முனை தெரிய வேண்டும். அதற்கு 2½ அங்குலம் வேண்டும். 1¼ அங்குல ஆணியின் முனை டெக்கை ஊடுருவி மறுபக்கம் வந்திருக்க வழியில்லை. துப்பாக்கியையும் தவிர்த்துவிடுங்கள். அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் வென்ட் நசுங்கிப் பக்கத் திறப்பு மூடிக்கொள்ளும். சுத்தியலால் அடித்து, ஆணித்தலை ஷிங்கிளைத் தொட்டதும் நிறுத்துங்கள்.

ஒரு கேள்வி: உச்சியில் கைமரங்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றனவா, நடுவில் முகட்டுப் பலகை ஓடுகிறதா?

முகடு40:
பலகை ஓடுகிறது. 1½ அங்குலத் தடிமன்.

கைமரம்:
அப்படியானால் புழுக்கத்துக்கும் பாதி விடை கிடைத்துவிட்டது. 2 அங்குலப் பிளவில் 1½ அங்குலத்தைப் பலகையே அடைத்துக்கொள்கிறது. பக்கத்துக்குக் கால் அங்குலம்தான் திறப்பு. 2 அங்குலம் என்பது முகட்டுப் பலகை இல்லாத டிரஸ் (முக்கோணச் சட்டம்) கூரைக்கான அளவு. உங்களுக்கு நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு 1¾, மொத்தம் 3½ அங்குலம் வேண்டும். அப்போதுதான் பலகையைத் தாண்டிப் பக்கத்துக்கு ஓர் அங்குலம் காற்றுக்குக் கிடைக்கும்.

ஷிங்கிளை முதலில் கத்தியால் வெட்டி எடுத்து, வழியில் உள்ள ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, ரம்பத்தின் ஆழத்தை டெக்கின் தடிமனுக்கு மட்டும் வையுங்கள். கைமரத்தில் வெட்டு விழக் கூடாது. இடுப்புக் கயிறு இல்லாமல் முகட்டில் ஏறவே ஏறாதீர்கள்.

இறவாணம்:
மேலே எவ்வளவு திறந்தாலும் கீழே காற்று நுழையாவிட்டால் பயனில்லை. கணக்கைப் பாருங்கள்.

அட்டிக் 1200 சதுர அடி. அடிப்படை விதி, காற்றுத் திறப்பு தரைப் பரப்பில் 150-இல் ஒரு பங்கு: 8 சதுர அடி, அதாவது 1152 சதுர அங்குலம். கீழே குறைந்தது பாதி, 576. உங்கள் 8 கிரிலில் வலையும் தகடும் போக ஒன்றுக்கு ஏறக்குறைய 26 தேறும், மொத்தம் 208. முனைகளில் 12 அங்குலம் விட்டால் முகட்டில் 38 அடி × 18 = 684. வெளியேற்றம் உள்வரவைப் போல மூன்று மடங்குக்கு மேல்! அந்த நிலையில் ரிட்ஜ் வென்ட் காற்றடிக்கும் பக்கம் உள்ளே இழுத்து மறுபக்கம் வெளியே விடும். இழுக்கும்போது மழைத் தூறலும் சேர்ந்து வரும்.

இரண்டு இறவாணத்திலும் முழு நீளத்துக்குத் தொடர் பட்டை வென்ட் போடுங்கள். அடிக்கு 9 சதுர அங்குல வகை போதும்: 80 அடி × 9 = 720. உள்வரவு வெளியேற்றத்தைவிடச் சற்றுக் கூடுதலாக நிற்கும். அப்படித்தான் நிற்க வேண்டும்.

பட்டை போட்டதோடு விடாதீர்கள். பகலில் அட்டிக்கில் விளக்கை அணைத்து ஓரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கைமர இடைவெளியிலும் வெளிச்சக் கீற்று தெரிய வேண்டும். தெரியாத இடத்தில் இன்சுலேஷன் டெக்கோடு ஒட்டிக்கிடக்கும். அதைப் பின்னுக்குத் தள்ளி, டெக்குக்கு அடியில், இன்சுலேஷன் காற்று வழியை அடைக்காமல் தடுக்கும் தட்டு வைத்து, குறைந்தது ஓர் அங்குலம் வழிவிடுங்கள். பக்கத்துக்கு 30 இடைவெளி, ஆக 60 தட்டு.

முகடு40:
முக்கோணச் சுவர் வென்ட்டிலேட்டரை அப்படியே விடலாமா? கூடுதல் காற்று நல்லதுதானே?

இறவாணம்:
மூடுங்கள். காற்று குறுக்கு வழி தேடும். வென்ட்டிலேட்டர் முகட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் வழியாக நுழைந்து இரண்டடி தாண்டி முகட்டில் வெளியேறிவிடும். இறவாணத்துப் பக்கம் ஈரமும் வெப்பமும் தேங்கிக் கிடக்கும். உள்பக்கம் பிளைவுட் துண்டை அடித்து ஓரத்தில் சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை) பூசினால் போதும், வெளித்தோற்றம் மாறாது. ஆனால் பட்டை வென்ட் வேலை முடிந்த பிறகே மூடுங்கள். அதற்கு முன் மூடினால் இருக்கிற காற்றும் நின்றுபோகும். மின்விசிறி வென்ட் இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். குளியலறையின் ஈரக்காற்றை வெளியேற்றும் குழாய் அட்டிக்குள் முடிந்தால், கூரைக்கு வெளியே கொண்டுபோய் விடுங்கள்.

முகடு40:
சரி, பிரித்துச் செய்கிறோம். முனைகளில் ஏற்கெனவே வெட்டிய 12 அங்குலத்தை எப்படி அடைப்பது? கழற்றும் மூடி ஷிங்கிளைத் திரும்பப் போடலாமா?

கைமரம்:
முனைகளில் டெக்கின் அதே தடிமன் பிளைவுட் துண்டை வெட்டிப் பொருத்துங்கள். அடியில் கைமரத்தோடு ஒரு கட்டையைச் சேர்த்து அதில் அடித்தால் ஆடாது. மேலே ஃபெல்ட் (ஷிங்கிளுக்கு அடியில் விரிக்கும் தார்த்தாள்), அதற்கு மேல் ஷிங்கிள். மற்ற இடத்தில் ஃபெல்ட் பிளவை மூடியிருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். வெட்ட மறந்த ஃபெல்ட் ஒன்றே போதும், மொத்த வேலையும் வீண்.

வென்ட் துண்டுகளின் இணைப்பிலும் இரு முனை மூடியிலும் சீலன்ட் வேண்டும்.

பழைய மூடி ஷிங்கிள் வேண்டாம். ஒட்டுப்பட்டை பிய்ந்திருக்கும், பழைய ஆணித் துளைகளும் இருக்கும். மூன்று மடல் ஷிங்கிளை மூன்றாக வெட்டிப் புதிதாகப் போடுங்கள். ஒவ்வொன்றும் 5 அங்குலம் வெளியே தெரிந்தால் 480 அங்குலத்துக்கு 96 துண்டு, அதாவது 32 ஷிங்கிள். தொடக்கத்துக்கும் சேதாரத்துக்கும் சேர்த்து 35 வாங்குங்கள். வழக்கமாகக் காற்று வரும் திசைக்கு எதிர் முனையில் தொடங்குங்கள், விளிம்புகளைக் காற்று தூக்காது. கடைசித் துண்டின் ஆணித்தலை மட்டும் வெளியே தெரியும். அதன் மேல் சீலன்ட் ஒரு பொட்டு வையுங்கள்.