கலைச்சொல் விவாதம்: ‘ஃப்ளாப்’ ஆன இசைநாடகத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். அரங்கியல் சொற்பட்டியலில் ‘ஃப்ளாப்’ என்பதற்கு நேராக எதை எழுதுவது என்று சென்ற வாரம் கேட்கப்பட்டதிலிருந்து ஐந்து பரிந்துரைகள் வந்துள்ளன: தோல்வி நாடகம், தோற்ற நாடகம், வீழ்நாடகம், நட்ட நாடகம், பப்படம். கடைசிச் சொல் வேடிக்கைக்காக இடப்பட்டது என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஐந்தில் அதற்குத்தான் உயிர் இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. நான் அரங்கத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். நியூயார்க்கின் பிராட்வேயிலும் லண்டனின் வெஸ்ட் எண்டிலும் மேடையேறிக் கையைச் சுட்டுக்கொண்ட இசைநாடகங்களின் ஒலிப்பதிவுகளைப் பல ஆண்டுகளாகத் தேடித் தேடிக் கேட்டுவரும் ரசிகன் மட்டுமே. அந்த ரசிகனுக்கு மேற்கண்ட சொற்களில் எதுவும் பொருந்தி வரவில்லை என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பிராட்வேயில் இந்தச் சொல் விமர்சகரின் சொல் அன்று, கணக்கரின் சொல். ஒரு நாடகத்தை மேடையேற்றுவதற்காக முதலீட்டாளர்கள் போட்ட பணம் முழுவதும் திரும்பி வந்துவிட்டால் அது ‘ஹிட்’, வராவிட்டால் ‘ஃப்ளாப்’. நாடகம் எத்தனை நாள் ஓடியது, பார்த்தவர்கள் அழுதார்களா, சிரித்தார்களா என்பதற்கெல்லாம் இந்தக் கணக்கில் இடமில்லை. இசைநாடகத்திற்கு இரண்டு வகைச் செலவுகள் உண்டு. திரை உயர்வதற்கு முன்பே காட்சியமைப்புக்கும் ஆடைக்கும் ஒத்திகைக்கும் செலவாகிவிடும் முதல் ஒன்று. திரை உயர்ந்த பிறகு அரங்க வாடகை, நடிகர் சம்பளம், வாத்தியக் குழு, எழுதியவர்களுக்கான உரிமைத்தொகை என்று வாரந்தோறும் போய்க்கொண்டிருக்கும் செலவு மற்றொன்று. வார வசூலில் வாரச் செலவு போக மிஞ்சுவது மட்டுமே போட்ட முதலை அடைக்கும். மிஞ்சாவிட்டால் அரங்கு பாதிக்கு மேல் நிறைந்திருந்தாலும் நாடகம் நாளுக்கு நாள் கடனில்தான் மூழ்கும்.

இதற்கு ‘ஸ்பைடர்மேன்: டர்ன் ஆஃப் தி டார்க்’ நாடகத்தைவிடத் தெளிவான சான்று கிடையாது. 2010 நவம்பர் 28 அன்று கட்டணம் செலுத்திய பார்வையாளர் முன் முதன்முதலாக நடிக்கப்பட்ட அந்த நாடகம், அரங்கேற்றத்திற்கு முன் நடித்துப் பார்த்துத் திருத்தும் 182 முன்காட்சிகளைக் கடந்து, 2011 ஜூன் 14 அன்றுதான் முறைப்படி அரங்கேறியது. கம்பியில் பறந்த கலைஞர்கள் காயமடைந்தார்கள். இயக்குநர் ஜூலி டேமோர் நடுவிலேயே விலக்கப்பட்டார். அரங்கேற்ற நாள் தள்ளிக்கொண்டே போனதால் பொறுமை இழந்த விமர்சகர்கள் மரபை மீறி பிப்ரவரியிலேயே வந்து பார்த்து எழுதிவிட்டார்கள். இத்தனைக்கும் பிறகு அது 2014 ஜனவரி 4 வரை 1,066 காட்சிகள் ஓடியது. ஒரு புத்தாண்டு வாரத்தில் 29 லட்சம் டாலருக்கு மேல் வசூலித்தது. ஆனால் போட்ட முதல் 7.5 கோடி டாலர்; வாரச் செலவு 10 லட்சம் டாலருக்கு மேல். முதலின் பெரும்பகுதி திரும்பவே இல்லை. வெள்ளிவிழாவை 25 வாரத்தில் கொண்டாடிப் பழகிய நாம், இரண்டரை ஆண்டுக்கு மேல் ஓடிய ஒன்றைத் ‘தோல்வி நாடகம்’ என்று எழுதினால் படிப்பவர் அச்சுப்பிழை என்றுதான் நினைப்பார்.

மறுமுனையில் ‘கேரி’ இருக்கிறது. பிரிட்டன் நாடகக் குழுவான ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி தயாரித்து ஸ்ட்ராட்ஃபோர்டில் முதலில் நடித்துக் காட்டிவிட்டு நியூயார்க்குக்குக் கொண்டுசென்ற அந்த இசைநாடகம், 1988 மே 12 அன்று அரங்கேறி மே 15 அன்று மூடப்பட்டது. 16 முன்காட்சிகள், 5 காட்சிகள், ஏறத்தாழ 80 லட்சம் டாலர். திகில் கதைக்குப் பாட்டும் நடனமும் கட்டியதில் சில இடங்கள் இன்று கேட்டாலும் நகைப்பை வரவழைக்கின்றன. ஆனால் தாயும் மகளும் மோதிக்கொள்ளும் பாடல்களில் நகைக்க எதுவுமே இல்லை. ஒரே மாலையில் இரண்டு நாடகங்கள் நடந்ததுபோன்ற அந்த விந்தையே ரசிகர்களை இன்றுவரை பிடித்துவைத்திருக்கிறது. 5 காட்சியும் ஃப்ளாப், 1,066 காட்சியும் ஃப்ளாப் என்றால், நாம் தேடும் சொல் ஓட்டத்தின் நீளத்தைக் குறிக்கக்கூடாது என்பது வெளிப்படை. ‘வீழ்நாடகம்’ இந்த இடத்தில்தான் தவறுகிறது. அது விழுந்த வேகத்தைச் சொல்கிறதே ஒழிய, போன பணத்தைச் சொல்லவில்லை.

‘தோற்ற நாடகம்’ பற்றி ஒரு சொல். தோற்றம் என்பதிலிருந்தும் ‘தோற்ற’ வரும் என்பதால், அதை ‘முதன்முதலில் தோன்றிய நாடகம்’ என்று படிக்க வாய்ப்புண்டு. ‘நட்ட நாடகம்’ இன்னும் சுவையானது. திருவாசகத்தில் நட்டம் என்றால் கூத்து. ஆடலும் பாடலும் நிறைந்த ஒரு வடிவத்திற்கு ‘நட்ட நாடகம்’ என்று பெயரிட்டால் அது பாராட்டாகவே போய் முடியும்.

இனி, எனக்கு முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். ஐந்து பரிந்துரைகளில் நான்கு ‘நாடகம்’ என்றே முடிகின்றன. ஆனால் பணத்தை இழப்பது நாடகம் அன்று. ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒரு குறிப்பிட்ட ஆண்டில், குறிப்பிட்ட சிலரின் பணத்தில் நடந்த மேடையேற்றம்.

ஸ்டீஃபன் சாந்தைம் இசையும் பாடலும் அமைத்து, ஹால் பிரின்ஸ் இயக்கிய ‘மெரிலி வீ ரோல் அலாங்’ 1981 நவம்பர் 16 அன்று அரங்கேறியது. மூன்று நண்பர்களின் வாழ்க்கை முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கிப் பின்னோக்கி நகரும் கதை அது. கசந்துபோன நடுவயதில் தொடங்கி, கனவு காணும் இளமையில் முடிகிறது. பிரின்ஸ் அதற்குப் பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய இளைஞர்களையே தேர்ந்தெடுத்தார். முன்காட்சிகளில் யார் யார் என்றே விளங்காமல் பார்வையாளர் எழுந்து போனார்கள். ஆடைகளைத் தூக்கி எறிந்துவிட்டு, பாத்திரத்தின் பெயரையும் உறவையும் அச்சிட்ட பனியன்களை மாட்டிவிட்டார்கள்; நாயகனை மாற்றினார்கள்; நடன அமைப்பாளரை மாற்றினார்கள். 16 காட்சிகளோடு நவம்பர் 28 அன்று எல்லாம் முடிந்தது. வாரத்திற்கு எட்டுக் காட்சி என்ற கணக்கில் அது இரண்டே வாரம். மறுநாள் அதே இளைஞர்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் கூடி நாடகத்தின் பாடல்களைப் பாடிப் பதிவு செய்தார்கள். வேலை போன மறுநாள் பாடிய குரல்கள் அவை என்று தெரிந்து கேட்டாலும், தெரியாமல் கேட்டாலும், அந்த இசைத்தட்டில் ஒரு நடுக்கம் இருக்கிறது. அந்தப் பதிவு இல்லாவிட்டால் அந்த நாடகத்தை நானும் அறிந்திருக்க மாட்டேன், பிறகு வந்த பலரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

அதே இசைநாடகம், திருத்தப்பட்ட வடிவில், மரியா ஃப்ரீட்மன் இயக்கத்தில் 2023 அக்டோபரில் நியூயார்க்கின் ஹட்சன் அரங்கில் மீண்டும் ஏறியது. போட்ட முதலை மீட்டது. 2024 ஜூன் மாதம் சிறந்த மறுமேடையேற்றத்திற்கான, பிராட்வேயின் பெருவிருதான டோனி விருதையும் பெற்றது. ‘மெரிலி’ ஃப்ளாப்பா, ஹிட்டா? கேள்வியே தவறு. 1981 மேடையேற்றம் ஃப்ளாப், 2023 மேடையேற்றம் ஹிட். 1956 டிசம்பரில் அரங்கேறி 73 காட்சிகளோடு நின்றுபோன ‘கேண்டிட்’ இசைநாடகம் பின்னாளில் ஓபரா அரங்குகளுக்கே போய்ச் சேர்ந்ததும் இவ்வாறே.

நமக்கு நெருக்கமான சான்றும் ஒன்று உண்டு. ஏ.ஆர். ரகுமான் இசையமைத்த ‘பாம்பே ட்ரீம்ஸ்’ 2002 ஜூனிலிருந்து லண்டனில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஓடியது. அதையே மாற்றியமைத்து 2004 ஏப்ரல் 29 அன்று நியூயார்க்கில் அரங்கேற்றியபோது 284 காட்சிகளோடு 2005 புத்தாண்டு நாளில் மூட நேர்ந்தது. அங்கே போட்ட ஏறத்தாழ 1.4 கோடி டாலர் மீளவில்லை. அந்தப் பெயரைப் பார்த்துத்தான் நான் இந்த உலகத்திற்குள் நுழைந்தேன் என்பதால், அந்த நாடகத்தையே ‘தோல்வி நாடகம்’ என்று யாராவது எழுதினால் எனக்குச் சற்றுக் கோபம் வரும் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

ஆகவே என் பரிந்துரை: முதல்மீளா மேடையேற்றம். ‘முதலுக்கே மோசம்’, ‘கைமுதல் போயிற்று’ என்றெல்லாம் வழங்கும் நம் வணிகப் பேச்சிலேயே ‘முதல்’ இருக்கிறது. முதல் முழுவதும் திரும்புவதை ‘முதல்மீட்சி’ எனலாம்.

இதனோடு ஒட்டிய ஒன்றையும் தீர்த்துவிடலாம். அரங்கேற்றத்திற்கு முன் கட்டணம் வாங்கிக்கொண்டு நடித்துப் பார்த்துத் திருத்தும் காட்சிகளை மேலே முன்காட்சி என்று எழுதினேன். எனக்கே மனம் ஒப்பவில்லை. புதுத் தேரை இழுத்துப் பார்ப்பதற்கு வெள்ளோட்டம் என்ற சொல் நம்மிடம் இருக்கும்போது வேறு ஏன்? வெள்ளோட்டம் முடிந்த பின் அரங்கேற்றம். அதன் பின் ஓட்டம். நியூயார்க்குக்கு வருமுன் பாஸ்டனிலோ ஃபிலடெல்ஃபியாவிலோ நடித்துப் பார்ப்பது வெளியூர் வெள்ளோட்டம். 1966 டிசம்பரில் ‘பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனிஸ்’ இசைநாடகத்தை, நல்ல முன்பதிவு இருந்தும், நியூயார்க்கில் நான்கே வெள்ளோட்டக் காட்சிகளோடு தயாரிப்பாளர் டேவிட் மெரிக் தாமே மூடினார். பார்வையாளரை அலுப்பூட்டும் மாலைக்கு ஆளாக்க விரும்பவில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். அதை ‘அரங்கேறா நாடகம்’ என்று சொன்னால் விளக்கமே தேவைப்படாது.

கருத்துகளை எதிர்நோக்குகிறேன்.

அன்புடன்,
ஓர் உறுப்பினர்

*

அன்புள்ள நண்பருக்கு,

தங்கள் மடலை இரண்டு முறை படித்தேன். ‘நாடகம்’ வேண்டாம், ‘மேடையேற்றம்’ வேண்டும் என்பதில் எனக்கு முழு உடன்பாடு. ‘முதல்மீளா’ என்பதில்தான் தயக்கம். எழுதுபவர்களில் பாதிப்பேர் இடம் விட்டு ‘முதல் மீளா மேடையேற்றம்’ என்று எழுதுவார்கள். உடனே அது மீளாத மேடையேற்றங்களில் முதலாவது என்றாகிவிடும். சேர்த்தே எழுதினாலும் புணர்ச்சி விதிப்படி ‘முதன்மீளா’ ஆகவேண்டும் என்று கேட்பவர் இந்தக் குழுவிலேயே இருக்கிறார், அவர் அடியேன்தான். தவிரவும், ‘மீளா’ என்றதும் எங்கள் ஊர்ச் சுவர்களில் ஒட்டப்படும் ‘மீளாத் துயிலில் ஆழ்ந்தார்’ சுவரொட்டிதான் கண்முன் வருகிறது.

என் தந்தையார் ஜவுளிக்கடை வைத்திருந்தார். தீபாவளிக்கு வாங்கிப் போட்ட சரக்கு தேங்கினால் ‘லாபம் போகட்டும், போட்ட முதல் தேறினால் போதும்’ என்பார். அந்தத் ‘தேறு’ என்ற வினையைப் பயன்படுத்தி ‘முதல் தேறா மேடையேற்றம்’ என்றால் என்ன? இதில் முதலுக்கு ‘ஒன்றாவது’ என்ற பொருள் எட்டிப் பார்க்க இடம் குறைவு. வெள்ளோட்டத்தை வழிமொழிகிறேன்.

*

மதிப்பிற்குரிய ஐயா,

‘தேறாது’ என்றால் தரமில்லை என்ற பொருளும் பேச்சில் இருக்கிறதே என்று முதலில் எனக்கு ஐயம் எழுந்தது. பணக்கணக்கைத் தரத்தீர்ப்பாக மாற்றுவதைத்தான் நான் இவ்வளவு நேரம் எதிர்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் தங்கள் தொடரில் தேறாதது முதலே தவிர மேடையேற்றம் அன்று. எழுவாய் சரியான இடத்தில் நிற்கிறது. தங்கள் தந்தையாரின் சொல்லுக்கே என் வாக்கு.

ஒரே ஒரு சிக்கல். முதல் முழுவதும் திரும்புவதை ‘முதல்தேறல்’ என்று சொல்ல முடியாது. பழந்தமிழில் தேறல் என்றால் கள். முதலீட்டாளருக்குப் பணம் திரும்பிய நாளில் அதுவும் பொருத்தமாக இருக்கக்கூடும் என்றாலும், சொற்பட்டியலுக்கு ‘முதல்மீட்சி’யையே வைத்துக்கொள்வோம்.

பதிவைக் கீழ்வருமாறு அமைக்கலாமா என்று மற்றவர்களும் சொல்லுங்கள்:

முதல் தேறா மேடையேற்றம்: முதலீட்டாளர் போட்ட முதல் முழுவதும் திரும்பி வருமுன் நிறுத்தப்பட்ட மேடையேற்றம், படைப்பின் தரத்தையோ ஓட்டத்தின் நீளத்தையோ குறிக்காது. பேச்சுவழக்கு: பப்படம்.