வெள்ள எச்சரிக்கை: 50 ஆண்டுக்கு ஒருமுறை என்றால் மக்களுக்கு என்ன புரிகிறது?

செம்பவாங் மாறன்: 2009 நவம்பரில் சிங்கப்பூரின் புக்கிட் தீமாவில் வெள்ளம் வந்தபோது, இப்படி மழை 50 ஆண்டுக்கு ஒருமுறைதான் என்றார்கள். 2010 ஜூன் 16 அன்று ஆர்ச்சர்ட் சாலைக் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. நீரையும் வடிகாலையும் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் ஆபத்தைச் சொல்லும் முறை மாற வேண்டும்.

பிடோக் கலை: மாறன் அண்ணே, இரண்டும் வெவ்வேறு இடம். 50 ஆண்டுக்கு ஒருமுறை என்றால் ஓரிடத்தில் ஒவ்வோர் ஆண்டும் 2 விழுக்காடு வாய்ப்பு, அவ்வளவுதான். அடுத்த ஆண்டே திரும்பவும் வரலாம். கணக்கில் பிழை இல்லை.

மாறன்: அதை அப்படியே மக்களிடம் சொல்லுங்கள் என்கிறேன்! அதே 2 விழுக்காடு, ஓரிடத்தில் 25 ஆண்டு கடை நடத்துபவருக்கு ஏறக்குறைய 40 விழுக்காடு ஆகிறது. இதைக் கேட்டால் யாரும் சரக்கைத் தரையில் அடுக்க மாட்டார்கள்.

ஜூரோங் வாசுகி: கழகத்துக்குப் பேசத் தெரியாது என்று சொல்லாதீர்கள். கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் புதுநீரை நிபுணர் குழு ஆராய்ந்து முடிவை வெளியிட்டது. 2002 தேசிய தினத்தில் பிரதமர் கோ சோக் டோங்கும் கூடியிருந்த மக்களும் அதைக் குடித்தார்கள். ஆஸ்திரேலியாவின் டுவூம்பா நகரிலோ 2006 வாக்கெடுப்பில் 62 விழுக்காட்டினர் மறுசுழற்சி நீர் வேண்டாம் என்றார்கள்.

மாறன்: அக்கா, அது பாதுகாப்பானது என்று நம்பவைக்கும் வேலை. இங்கே, எங்களால் முழுதாகத் தடுக்க முடியாது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. வெள்ள அபாயப் பகுதி 1970களில் 3,200 ஹெக்டேர், இப்போது 30க்கும் கீழ். பெரிய சாதனைதான். ஆனால் பட்டியலில் இல்லாத தெருக்காரர் தமக்குக் கவலையில்லை என்றல்லவா நினைப்பார்?

கலை: சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லா மழையையும் தாங்கும் வடிகால் கட்ட இங்கே நிலமில்லை என்று கழகம் மறைக்காமல் சொல்லித்தான் வருகிறது. மேகம் சட்டென்று திரளும் ஊர் இது. எந்தத் தெருவில் கொட்டும் என்று அடித்துச் சொல்ல முடியாது. எச்சரிக்கை அடிக்கடி வந்து ஒன்றும் நடக்காவிட்டால், கைப்பேசியில் ஒலியை நிறுத்திவிடுவார்கள்.

வாசுகி: கழகம் எச்சரிக்கை அனுப்பும் அந்த டெலிகிராம் செய்தி வருவதும் ஆங்கிலத்தில். தேக்காவில் தரைத்தளத்தில் துணிக்கடை வைத்திருக்கும் என் மாமா அதை எப்படிப் படிப்பார்? எந்தத் தெரு, சரக்கை இப்போதே மேலே ஏற்ற வேண்டுமா என்று தமிழில் நாலு வரி போதும்.

கலை: ஏற்றச் சொல்லி மழை வராவிட்டால் நீங்களே திட்டுவீர்கள்.

மாறன்: திட்டட்டும். இரண்டு முறை வீணாக ஏற்றி இறக்கினாலும், மூன்றாம் முறை துணி நனையாமல் இருக்குமே தம்பி.